ஹார்ட் டிஸ்க் மாறலாம், விண்டோஸ் மாற வேண்டாம்

லேப்டாப் மெதுவாகிவிட்டது, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட வேண்டும் என்று கடைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "டேட்டாவை மட்டும் பேக்கப் எடுத்துக்கோங்க சார், ஃபார்மட் பண்ணி புதுசா விண்டோஸ் போட்டுத் தர்றேன்." கடைக்காரருக்கு அது வசதி. பென் டிரைவைச் செருகிச் சீக்கிரம் முடித்துவிடலாம். பழைய டிஸ்க்கில் இருந்த கோளாறு எதுவும் அவர் தலையில் விழாது. உரிமையாளருக்கோ வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. பிரவுசரில் சேமித்திருந்த கடவுச்சொற்கள், பழைய பிரிண்டரின் டிரைவர், டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கான மென்பொருள், அவுட்லுக்கில் பல வருடத்து மின்னஞ்சல், டேலி லைசென்ஸ் என்று எது எது போயிற்று என்பது ஒவ்வொன்றாகத் தெரியவர வாரக்கணக்கில் ஆகும்.

இது தேவையில்லாத இழப்பு என்பதே என் கட்சி. டிஸ்க்கை உள்ளது உள்ளபடியே நகலெடுத்து, அதாவது குளோன் செய்து, புதியதில் ஏற்றினால் இத்தனையும் கூடவே வந்துவிடும். நகலெடுப்பது பெரிய வித்தை அல்ல. அந்த நகலைத் தன்னுடையது என்று கணினி ஏற்றுக்கொள்ள வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்த இடத்தில் தடுமாறியவர்கள்தான் "குளோன் எல்லாம் சரிப்படாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

தமிழ்ப் பதிப்புத் துறையில் இருப்பவர்களுக்கு இந்த இழப்பின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. யூனிகோட் பரவுவதற்கு முன் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துரு முறையில் தட்டச்சு செய்த புத்தகங்கள் ஏராளம். அவற்றில் கணிசமானவை பேஜ்மேக்கர் கோப்புகள். அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அந்தக் கோப்பு கோணாமல் திறக்க வேண்டுமென்றால் அதே எழுத்துரு, அதே விசைப்பலகை மென்பொருள், அதே பேஜ்மேக்கர் வேண்டும். நிறுவிய சிடி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட கணினியை ஃபார்மட் செய்தால் புத்தகங்களின் கோப்புகள் பேக்கப்பில் பத்திரமாக இருக்கும், அவற்றைத் திறக்கத்தான் வழி இருக்காது. மறுபதிப்புக்கு மறுபடியும் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும். பல்லாண்டு உழைப்பைச் சுமந்து நிற்கும் இயந்திரத்தை அரை நாள் வேலையை மிச்சப்படுத்துவதற்காகத் துடைத்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

டிஸ்க்கை ஏன் மாற்ற வேண்டும் என்பதில் இன்று அதிகம் வாதம் இல்லை. லேப்டாப்பில் வரும் சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி. தலையை ஏந்திய கை சரியான வளையத்துக்கு நகர இன்னும் 12 மில்லி நொடி அளவில் ஆகும். ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்குச் சுமார் 60 முறைதான் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதோ இப்படிப்பட்ட துண்டுகளைத்தான், ஆயிரக்கணக்கில். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி இதையே நொடிக்குப் பல பத்தாயிரம் முறை செய்யும். பழைய லேப்டாப்பில் ரேம் போதுமான அளவு இருந்தால், டிஸ்க்கை மாற்றுவதைப் போல வேகம் கூட்டும் வேறு செலவு இல்லை.

இனி நகலெடுக்கும் முறைகளுக்கு வருவோம். யுனிக்ஸில் 1970களிலிருந்தே இருக்கும் டிடி என்ற கட்டளை டிஸ்க்கின் முதல் பைட்டில் தொடங்கிக் கடைசி பைட் வரை கண்ணை மூடிக்கொண்டு எழுதும். உள்ளே இருப்பது விண்டோஸா, லினக்ஸா, வெற்றிடமா என்று பார்ப்பதில்லை. 1990களின் நடுவில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மரே ஹாஸ்சார்ட் எழுதிய கோஸ்ட் வேறு வழியில் போனது. கோப்பு முறையைப் புரிந்துகொண்டு, பயன்பாட்டில் உள்ள பகுதியை மட்டும் நகலெடுத்தது. பார்ட்டிஷன் அளவையும் போகிற போக்கில் மாற்றித் தந்தது. 1998இல் சைமன்டெக் அதை வாங்கி நார்ட்டன் கோஸ்ட் ஆக்கியது; தனிநபர்களுக்கான விற்பனையை 2013இல் நிறுத்திக்கொண்டது. அந்த இடத்தை இலவசமாக நிரப்பியிருப்பது குளோன்ஜில்லா. தைவானின் தேசிய உயர்செயல்திறன் கணினி மையத்தில் உருவானது. பென் டிரைவிலிருந்து பூட் செய்து பயன்படுத்துவது, திரை பழைய காலத்து நீலப் பெட்டிகள்தான், ஆனால் நம்பகமானது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே குளோன் எடுக்க வேண்டுமென்றால் மேக்ரியம், அக்ரோனிஸ் போன்றவை உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த நிழல் நகல் வசதியைக் கொண்டு ஒரு கணத்தின் நிலையை உறைய வைத்து இவை நகலெடுக்கின்றன. மேக்ரியத்தின் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு ஆதரவு நின்றுவிட்டது. எஸ்எஸ்டி தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் டிஸ்க்கை வாங்குவோருக்குக் குளோன் மென்பொருளை இலவசமாகவே தருகிறார்கள். புதிதாக முயல்பவர் அதிலிருந்து தொடங்குவதே நல்லது.

முழு டிஸ்க்கையும் குளோன் செய்வதில் இன்னொரு நன்மை உண்டு. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்தவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. புதிதாக விண்டோஸ் மட்டும் போட்டால் லினக்ஸ் போய்விடும். முழு நகலில் இரண்டும் தப்பிக்கும்.

முதல் முட்டுக்கட்டை அளவில் வரும். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிவருவது வழக்கமாக நடப்பது. கடைப் பேச்சில் இரண்டும் ஒன்றுதான். 500 ஜிபி என்று அச்சிட்ட டிஸ்க்கில் 976,773,168 செக்டர்கள் இருக்கும். 480 ஜிபியில் 937,703,088. ஒரு செக்டருக்கு 512 பைட் என்று கணக்கிட்டால் வித்தியாசம் 20 ஜிபி. டிடி போன்ற நேரடி நகல் இதில் கடைசி 20 ஜிபியை வெட்டிவிடும். பழைய டிஸ்க்கில் இடம் பாதி காலியாக இருந்தாலும் இதே கதிதான், ஏனென்றால் பார்ட்டிஷன் அட்டவணை அந்த எல்லைவரை நீண்டிருக்கும். குளோன்ஜில்லாவும் வழக்கமான அமைப்பில் சிறிய டிஸ்க்குக்கு எழுத மறுக்கும். ஆகவே முதலில் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். சில சமயம் 100 ஜிபி காலியாக இருந்தாலும் சில ஜிபி மட்டுமே சுருங்கும். பேஜ் ஃபைலோ, ஹைபர்னேஷன் கோப்போ நடுவில் அசையாமல் உட்கார்ந்திருப்பதே காரணம். இரண்டையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுபடி முயன்றால் வழி விடும். முடிந்தால் பெரிய டிஸ்க்காகவே வாங்கிவிடுங்கள். இந்தத் தலைவலி முழுவதும் மிச்சம்.

அடுத்தது, கணினி தன் இயங்குதளத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்வி. இந்த விஷயத்தின் உயிர்நாடி இதுதான்.

பழைய எம்பிஆர் முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் தொடக்க நிரலும் பார்ட்டிஷன் அட்டவணையும் இருக்கின்றன. அதே செக்டரில், 440ஆம் பைட்டிலிருந்து நான்கு பைட்டுகளில், அந்த டிஸ்க்குக்கான அடையாள எண் ஒன்றை விண்டோஸ் எழுதி வைக்கிறது. எந்த பார்ட்டிஷன் சி, எது டி என்பதை இந்த எண்ணையும் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் சேர்த்துத்தான் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. விஸ்டா முதல் பூட் அமைப்பும் இதே எண்ணை நம்புகிறது. குளோன் செய்யும்போது எண்ணும் சேர்ந்தே நகலாகிறது. புதிய டிஸ்க் தனியாக இருக்கும்வரை இது வரம். விண்டோஸ் அதைப் பழைய டிஸ்க் என்றே நம்பி ஓடும். இரண்டு டிஸ்க்குகளையும் ஒரே நேரத்தில் இணைத்துக் கணினியை எழுப்பினால்தான் வினை. ஒரே அடையாளத்தோடு இருவர் நிற்பதைக் கண்ட விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைக்கும், அல்லது அதன் எண்ணை மாற்றும். எண் மாறிய டிஸ்க்கிலிருந்து பிறகு பூட் ஆகாது. எக்ஸ்பி காலத்தில் இன்னும் மோசம்: டிரைவ் எழுத்து மாறிப்போய், கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்த மறு நொடியே வெளியே தள்ளிவிடும். குளோன் கெட்டுவிட்டது என்று பலர் கைவிட்டது இந்த இடத்தில்தான். குளோன் கெடவில்லை. குளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, முதல்முறை புதியதை மட்டும் வைத்து எழுப்பியிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது.

இன்றைய கணினிகளில் எம்பிஆருக்குப் பதில் ஜிபிடி, பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ. நான்கு பைட் எண்ணின் இடத்தில் 128 பிட் அடையாளங்கள் வந்திருக்கின்றன. ஜிபிடி தன் அட்டவணையின் மாற்றுப் பிரதி ஒன்றை டிஸ்க்கின் கடைசியில் வைத்திருக்கும். 500 ஜிபியை 1 டிபிக்கு டிடியால் நகலெடுத்தால் அந்தப் பிரதி புதிய டிஸ்க்கின் நடுவில் போய் உட்காரும். அதைக் கடைசிக்கு நகர்த்த ஒரு சிறு திருத்தம் வேண்டும். நல்ல குளோன் மென்பொருள்கள் இதைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. விண்டோஸ் 10இலும் 11இலும் சி பார்ட்டிஷனில் பூட் கோப்புகள் இல்லை. அவை 100 எம்பி அளவிலான தனி இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கின்றன. திஸ் பிசியில் கண்ணுக்குத் தெரிவது சி மட்டுமே என்பதால் அதை மட்டும் நகலெடுத்து, பூட் ஆகவில்லையே என்று தவிப்பது அடிக்கடி நடப்பது. எல்லா பார்ட்டிஷன்களையும் வரிசை மாறாமல் எடுக்க வேண்டும். அப்படியும் தவறினால், விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் பூட் செய்து, கட்டளைச் சாளரத்தில் பிசிடிபூட் என்ற கட்டளையைக் கொடுத்தால் பூட் கோப்புகளை அது புதிதாக எழுதிவிடும். கடைக்காரர்கள் ஃபார்மட்டுக்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும் இதற்கு.

இன்னொரு பார்ட்டிஷன், சி-க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ரெக்கவரி. பெரிய டிஸ்க்குக்கு மாறியபின் மிச்ச இடத்தை சி-யோடு சேர்க்க முடியாமல் இது குறுக்கே நிற்கும். ஜிபார்டட் போன்ற கருவியில் அதைக் கடைசிக்கு நகர்த்தலாம். எரிச்சலில் அழித்துவிடாதீர்கள், விண்டோஸ் பழுதாகும் அன்றைக்கு அதுதான் கை கொடுக்கும்.

டிஸ்க்கின் வகை மாறும்போது நீலத் திரை வந்து நிற்பதும் உண்டு; அதன் காரணம் வேறு. சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்குத் தாவும்போதோ, பயாஸில் ஐடிஇ-ஐ ஏஎச்சிஐ ஆக மாற்றும்போதோ, அந்தக் கட்டுப்பாட்டுச் சில்லுக்கான டிரைவரை விண்டோஸ் தொடக்கத்திலேயே ஏற்றத் தயாராக இருக்காது. பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று நின்றுவிடும். விண்டோஸ் 8க்குப் பிந்தைய பதிப்புகளில் ஒரே ஒரு முறை சேஃப் மோடில் எழுப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. சேஃப் மோடில் அது எல்லா அடிப்படை டிரைவர்களையும் முயன்று பார்க்கும். விண்டோஸ் 7க்கு என்விஎம்இ டிரைவர் பிறவியிலேயே கிடையாது, பிற்பாடு வந்த திருத்தத்தைப் போட வேண்டும். பழைய லேப்டாப்களின் பயாஸுக்கு என்விஎம்இ-லிருந்து பூட் செய்யவே தெரியாது. பத்து வயது லேப்டாப்புக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே போதும், அதுவே பொருந்தும்.

லைசென்ஸ் பற்றிய பயம் பலரைத் தடுக்கிறது. விண்டோஸைப் பொறுத்தவரை அந்தப் பயம் வேண்டாம். விண்டோஸ் 8 முதல், லேப்டாப்போடு வரும் விண்டோஸின் சாவி மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது. விண்டோஸ் 10இன் டிஜிட்டல் லைசென்ஸும் முக்கியமாக மதர்போர்டையே பார்க்கிறது. டிஸ்க் மாறினால் அது கலைவதில்லை. மற்ற மென்பொருள்களில்தான் கவனம் வேண்டும். சில, பார்ட்டிஷனுக்கு ஃபார்மட் செய்யும்போது கிடைக்கும் தொடர் எண்ணோடு லைசென்ஸைக் கட்டியிருக்கும். அது குளோனில் அப்படியே வரும். வேறு சில, தொழிற்சாலையில் டிஸ்க்குக்குள் பதித்த தொடர் எண்ணைப் பார்க்கும். அதை எந்தக் குளோனாலும் கொண்டுவர முடியாது. கணக்கு மென்பொருள், அச்சு மென்பொருள் இருந்தால், மாற்றுவதற்கு முன்பே அவற்றின் லைசென்ஸை ஒப்படைத்துத் திரும்பப் பெறும் வழியை விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

குளோன் செய்தால் கணினியின் பாதுகாப்பு அடையாளமும் நகலாகிவிடும், அது ஆபத்து என்று ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. ஒரே டிஸ்க்கைப் பல கணினிகளுக்கு நகலெடுக்கும் அலுவலகங்களுக்கான எச்சரிக்கை அது. அதற்கென்று மைக்ரோசாஃப்ட் சிஸ்பிரெப் என்ற கருவியை வைத்திருக்கிறது. இந்த அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த மார்க் ருசினோவிச் 2009இல் எழுதினார். 2025இல் வந்த விண்டோஸ் புதுப்பிப்புகளோ, ஒரே அடையாளம் கொண்ட இரண்டு கணினிகள் ஒன்றையொன்று அணுகுவதைத் தடுக்கத் தொடங்கின. நம் விஷயத்தில் இருப்பது ஒரே கணினி, ஓடப்போவது ஒரே டிஸ்க். அடையாளம் மாறாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது, டிஸ்க்கை மறைகுறியாக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டுக்கு. தங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே பலருக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து விண்டோஸை அமைத்தால் பல லேப்டாப்களில் அது தானாகவே செயல்படும். 2024இல் வந்த 24எச்2 பதிப்பு இதை இன்னும் பரவலாக்கியது. டிஸ்க்கை மாற்றியதும் 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும். ஆகவே திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பூட்டை முழுவதும் நீக்கிவிட்டுக் குளோன் செய்து, புதிய டிஸ்க்கில் மறுபடி பூட்டுவது நேரம் பிடிக்கும், ஆனால் நிம்மதியான வழி.

இத்தனையும் பழைய டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொன்னவை. முதலில் பார்க்க வேண்டியது, தன் உடல்நலம் பற்றி டிஸ்க்கே தரும் ஸ்மார்ட் அறிக்கையை. அதில் 5 என்று எண்ணிட்ட வரி, டிஸ்க் ஏற்கெனவே கைவிட்ட செக்டர்கள். 197 என்று எண்ணிட்ட வரி, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 197இல் பூஜ்யம் இல்லை என்றால் சாதாரணக் குளோன் மென்பொருளைத் தொடவே கூடாது. அது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு, சாகிற டிஸ்க்கை இன்னும் சீக்கிரம் சாகடிக்கும். இந்த நிலைக்கு உரிய கருவி ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ: அது முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் அள்ளிக்கொள்கிறது, பிறகு கெட்ட இடங்களுக்குத் திரும்பி வருகிறது. எதுவரை எடுத்தது என்று ஒரு கோப்பில் குறித்து வைப்பதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் அதுவும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டுத் தரவு மீட்பு நிபுணரிடம் போக வேண்டியதுதான்.

குளோனே கூடாத நேரங்களும் உண்டு. வைரஸ் புகுந்த விண்டோஸை நகலெடுத்தால் வைரஸும் வரும். சிஸ்டம் கோப்புகள் சிதைந்து அடிக்கடி உறையும் கணினி, புது டிஸ்க்கிலும் உறையும், வேகமாக. 32 பிட் விண்டோஸிலிருந்து 64க்கு மாற வேண்டுமென்றாலும் புதிதாக நிறுவத்தான் வேண்டும். எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாறுவதற்கு மட்டும் அது தேவையில்லை. 2017 முதல் விண்டோஸ் 10இலேயே அதற்கான கருவி இருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், பலர் டிஸ்க்கையும் விண்டோஸ் பதிப்பையும் சேர்த்தே மாற்ற நினைக்கிறார்கள். அப்போதும் முதலில் குளோன், அது சரியாக ஓடுவதைப் பார்த்த பிறகு மேம்படுத்தல் என்று போனால், எந்தப் படியில் பிசகினாலும் பழைய டிஸ்க் காப்பாற்றும்.

லினக்ஸ்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பார்ட்டிஷன்களை யூயூஐடி என்ற அடையாளம் கொண்டே லினக்ஸ் அறிவதாலும், பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு வருவதாலும், குளோன் செய்த லினக்ஸ் அநேகமாக மறுபேச்சில்லாமல் எழுந்துவிடும். எல்விஎம் போட்டிருந்தால், வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தரவை நகர்த்த பிவிமூவ் இருக்கிறது. ஆப்பிளில் கதை வேறு. 2012 நடுவில் வந்த ரெட்டினா அல்லாத மேக்புக் ப்ரோதான் 2.5 அங்குல டிஸ்க்கைக் கழற்றி மாட்டக்கூடிய கடைசித் தலைமுறை. இன்றைய மேக்புக்குகளில் சேமிப்பு, போர்டோடு பற்றவைக்கப்பட்டது. தான் காசு கொடுத்து வாங்கிய பொருளின் உதிரியை மாற்றும் உரிமை வாங்கியவருக்கு இருக்க வேண்டும் என்று நினைக்கும் எனக்கு இது வருத்தம் தரும் போக்கு.

கைவேலை சொல்லும் அளவுக்குக் கடினமில்லை. தேவை ஒரு சிறு ஸ்டார் திருப்புளி, ஒரு யூஎஸ்பி-சாட்டா கேபிள். கேபிள் யூஎஸ்பி 3.0 ஆக இருக்கட்டும்: 500 ஜிபியை யூஎஸ்பி 2.0 வழியாக முழுதாக நகலெடுக்க நான்கு மணி நேரம் பிடிக்கும், 3.0 வழியாக ஒன்றரை மணி நேரம் போதும். குளோனுக்கு முன் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்தி, செக்டிஸ்க் ஓட்டி, முழுவதுமாக ஷட்டவுன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பாதித் தூக்கத்தில் இருக்கும் கோப்பு முறையை நகலெடுத்ததாக ஆகும். முடிந்ததும் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றியோ இணைப்பை எடுத்தோ, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மீதி மின்சாரத்தை வடிய விட வேண்டும். பழைய டிஸ்க் ஒரு தகரச் சட்டத்தில் நான்கு திருகுகளோடு இருக்கும். சட்டத்தை வீசிவிடாதீர்கள், புதியதும் அதில்தான் உட்கார வேண்டும். பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 7 மில்லிமீட்டர் எஸ்எஸ்டி அதில் ஆடும். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் விளிம்பை ஒட்டிக்கொண்டால் கச்சிதம். டிஸ்க்கைச் செருகும்போது அழுத்தம் வேண்டாம், நேராக வைத்தால் தானே போகும்.

புதிய டிஸ்க்கிலிருந்து எழுந்த பிறகு பார்க்க வேண்டியவை சிலவே. டீஃப்ராக் சாளரத்தில் அது சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று காட்டுகிறதா என்று பாருங்கள்; அப்போதுதான் டிரிம், அதாவது அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் வேலை, ஒழுங்காக நடக்கும். எக்ஸ்பி காலத்திலிருந்து மேம்படுத்திக்கொண்டே வந்த கணினி என்றால் பார்ட்டிஷன் 63ஆம் செக்டரில் தொடங்கியிருக்கக்கூடும். எஸ்எஸ்டியின் பக்க அளவோடு அது ஒத்துப்போகாமல் எழுதும் வேகம் குறையும்; 2048ஆம் செக்டருக்கு நகர்த்திவிட வேண்டும்.

பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது தொடாமல் வைத்திருங்கள். மாதக் கணக்கு முடித்து, பிரிண்ட் எடுத்து, டிஜிட்டல் கையொப்பம் போட்டு, எல்லாம் நடக்கிறது என்று உறுதியான பிறகு அதை இன்னொரு கணினியில் இணைத்து முழுவதும் பூஜ்யம் எழுதித் துடைக்கலாம். ஸ்மார்ட் அறிக்கை சுத்தமாக இருந்தால் யூஎஸ்பி உறையில் போட்டு வாராந்தர பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். 197ஆம் வரியில் எண் ஏறியிருந்தால் அதற்கும் ஆகாது, துடைத்து மின்கழிவுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.